உப்பு தனி, அடுப்பு தனி

அவருடைய விடுப்புக் கடிதம் லேமினேட் செய்யப்பட்டது.

“கீழ்க்கண்ட காரணத்தால் கீழ்க்கண்ட நாளில் என்னால் அலுவலகத்துக்கு வர இயலாது. விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்” என்று அழகாகத் தட்டச்சு செய்து, கையெழுத்தும் போட்டு, மஞ்சக்குப்பத்தில் எங்கள் ஆபீசுக்குக் கீழே இருந்த ஜெராக்ஸ் கடையில் கொடுத்துக் கண்ணாடித் தாள் ஒட்டி வாங்கியிருந்தார். நாளும் காரணமும் ஒரு துண்டுச் சீட்டில் இருக்கும். அந்தச் சீட்டைக் கிளிப் போட்டுக் கடிதத்தின் அடியில் மாட்டித் தருவார். முதலாளி கையெழுத்துப் போட வேண்டியது சீட்டில்தான். சீட்டு ஆபீசுக்கு. கடிதம் திரும்ப அவருடைய கைப்பைக்கு.

எங்கள் முதலாளி என் உடன்பிறந்த அக்காவின் மகன். அண்ணாகிராமம் பக்கம் முந்திரித்தோப்பு வைத்திருந்த குடும்பம்; இவன் மட்டும் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டான். ஒருநாள் அவன் பொறுக்க முடியாமல் கேட்டான்.

“அக்கா, மூணு வருஷமா ஒரே லெட்டரைக் குடுக்குறீங்களே, நல்லாவா இருக்குது?”

“லெட்டர்ல என்னா தம்பி மாறுது? எனக்கு லீவு வேணும்ன்றது எப்பவும் மாறாது. ஜுரமா, கல்யாணமான்றதுதான் மாறும். மாறுறத மட்டும் தனியா எடுத்து வச்சிருக்கேன்.”

“லேமினேட் எதுக்கு?”

“மாறாததுல யாரும் கைய வெக்கக் கூடாதுல்ல.”

அவன் என்னைப் பார்த்தான். நான் டைரியைப் பார்த்தேன்.

இந்தக் குறிப்பை அந்தக் காலத்து மூன்று டைரிகளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நேரங்கள் எல்லாம் அவற்றில் உள்ளபடி. அவர் பெயர் மட்டும் டைரியில் எங்கும் இல்லை. எல்லாப் பக்கத்திலும் “அக்கா” என்றே இருக்கிறது. அவர் எனக்குப் பதினொரு வயது இளையவர். ஆபீசில் எல்லோரும் அக்கா என்று அழைத்ததால் மூன்றாவது வாரத்தில் நானும் அழைக்கத் தொடங்கினேன். அவரோ என்னை அண்ணே என்பார். இரண்டு பேரும் பேசிக்கொள்வதைக் கேட்கிற வாடிக்கையாளர்கள் கொஞ்ச நேரம் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்ப்பார்கள்.

எங்கள் கம்பெனியில் ஐந்து பேர். நாங்கள் செய்தது பள்ளிக்கூட மணிப்பெட்டி. டிபன் பாக்ஸ் அளவு சின்னக் கம்ப்யூட்டர், உள்ளே அதை இயக்க லினக்ஸ், பின்னால் ஒலிபெருக்கிக்கு ஒரு வயர். முதல் பீரியடுக்கு ஒரு மணி, இடைவேளைக்கு இரண்டு மணி, காலை வணக்கத்துக்கும் வீட்டுக்குப் போவதற்கும் நீண்ட மணி. மணியை அடிக்க வைக்கும் நிரலை, அதாவது ஸ்கிரிப்டை, எழுதியவன் நான். அக்காவின் வேலை பேக்கேஜ் கட்டுவது. அதாவது, நான் எழுதியதை மூட்டையாகக் கட்டி, எந்தப் பள்ளியின் பெட்டியில் போய் அவிழ்த்தாலும் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் உட்காரும்படி செய்வது. புதிய பதிப்பு வந்தால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பதும் அந்த மூட்டையின் பொறுப்பு.

என் ஸ்கிரிப்ட் முந்நூற்றுப் பன்னிரண்டு வரி. நாற்பதாவது வரியிலிருந்து அறுபத்தேழாவது வரி வரை மணி அடிக்கும் நேரங்கள். மற்றதெல்லாம் அடிக்கும் முறை. ஒரே ஃபைல். எங்கே என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

அக்கா அதை முதன்முதலில் பார்த்த நாள் ஒரு புதன்கிழமை. நாற்பதாவது வரியில் நின்றுவிட்டார்.

“அண்ணே, இந்த டைமெல்லாம் யாரு மாத்துவாங்க?”

“ஸ்கூல்காரங்க.”

“இந்தக் கீழ இருக்குறத?”

“நான் மட்டும்தான்.”

“அப்ப ரெண்டும் ஏன் ஒரே எலையில கெடக்குது?”

ஒரே ஃபைலாக இருந்தால்தான் ஒழுங்கு என்பது என் அபிப்பிராயம். ஆனால் அந்த அபிப்பிராயத்துக்கு முகத்தைத் தவிர வேறு ஆதாரம் எதையும் என்னால் அன்றைக்குக் காட்ட முடியவில்லை.

அன்று மத்தியானம்தான் அவர் சாப்பாட்டை முதலில் கவனித்தேன். முதுநகர் வீட்டிலிருந்து மீன் குழம்பு கொண்டு வருவார். எல்லோருக்கும் ஒரு கரண்டி உண்டு. வாயில் வைத்தால் உப்பு மட்டாக இருக்கும், காரமும் மட்டாக இருக்கும். பக்கத்தில் இரண்டு குட்டி டப்பா: ஒன்றில் உப்பு, இன்னொன்றில் வறுத்த மிளகாய்த்தூள்.

“கொழம்பு வெக்கிறது என் வேல. உப்பு அவுங்கவுங்க கை” என்பார். முதலாளிக்கு ரத்தக்கொதிப்பு, அவன் டப்பாவைத் தொடமாட்டான். நான் இரண்டு சிட்டிகை. ஒரே குழம்பை ஐந்து பேரும் ஐந்து ருசியில் சாப்பிட்டோம், யாரும் குறை சொல்லவில்லை. இதை நான் டைரியில் எழுதி வைத்தேனே தவிர, ஸ்கிரிப்டில் ஒரு வரியும் மாற்றவில்லை.

ஒரு கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்தவர் மாமியார். டிவி ரிமோட்டைக் கையில் வைத்திருந்தார். அதில் நாற்பது பட்டன் இருக்குமென்றால் முப்பத்தைந்தின் மீது பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. சத்தம் கூட்ட, குறைக்க, சேனல் மாற்ற, அணைக்க மட்டும் திறந்திருந்தது.

“பாத்தீங்களா தம்பி, மருமவ எனக்கு விட்டு வச்சிருக்குறத?”

“அத்தே, போன மாசம் நீங்க என்னத்தையோ அமுத்தி டிவி முழுக்க சீனாக்காரன் எழுத்து வந்துச்சே, மறந்துடுச்சா?”

“ஒரு நாளு வந்துச்சு.”

“ஒம்போது நாளு.”

மாமியார் என் பக்கம் திரும்பி மெல்லிய குரலில், “பிளாஸ்திரி போட்டதுலருந்து நிம்மதியாத்தான் இருக்குது. அவகிட்ட சொல்லிடாதீங்க” என்றார்.

இப்படி வீட்டிலும் ஆபீசிலும் கண்ணில் படுவதையெல்லாம் இரண்டாகப் பிரித்துக்கொண்டே இருந்த மனுஷிக்கு, என் முந்நூற்றுப் பன்னிரண்டு வரி தினமும் காலில் குத்திக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் பிடுங்கி எறியவில்லை. ஸ்கிரிப்ட் என்னுடையது, நான் ஒத்துக்கொள்ளாமல் அதில் ஒரு புள்ளியைக்கூட அவர் மாற்ற மாட்டார்.

ஜூலையில் முதல் வினை வந்தது. சிதம்பரத்தில் எங்கள் பெட்டி வாங்கிய ஒரு பள்ளி. அங்கே மணிக்குப் பொறுப்பு இயற்பியல் ஆசிரியர். தாளாளரிடம் சண்டை போட்டுப் பெட்டியை வாங்க வைத்தவரும் அவர்தான். துடியான மனிதர். ஸ்கிரிப்டைத் திறந்து, நேரங்களைத் தம் பள்ளிக்குத் தகுந்தபடி தாமே மாற்றிக்கொண்டார். ஒரு மாதம் கழித்து நான் ஒரு சின்னத் திருத்தம் செய்து அப்டேட் அனுப்பினேன். மூட்டை தன் கடமையைச் செய்தது. பழைய ஸ்கிரிப்டை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தது. அவர் மாற்றிய நேரங்கள் பழையதோடு போயின. நான் மாதிரிக்குப் போட்டிருந்த நேரங்கள் வந்து உட்கார்ந்தன.

காலை 11.58க்கு போன்.

“சார், பதினொன்னு நாப்பதுக்கு சாப்பாட்டு மணி அடிச்சிடுச்சி. பசங்க சாப்ட்டு முடிச்சிட்டாங்க. தட்டக்கூடக் கழுவிட்டாங்க. இப்ப நான் என்னா பண்றது?”

சாப்பிட்டதைத் திரும்ப வாங்கும் வசதி பெட்டியில் இல்லை.

அக்கா சொன்னதையே அன்றும் சொன்னார். நேரங்களைத் தனி ஃபைலாக எடுத்து, பள்ளிக்காரர்கள் திருத்தும் இடத்தில் வைக்கலாம். ஸ்கிரிப்ட் வேறு இடத்தில் கிடக்கட்டும். நான் இரண்டு நாள் யோசித்து, அவர் பேச்சைக் கேட்ட மாதிரியும் கேட்காத மாதிரியும் ஒன்று செய்தேன். லினக்ஸில் ‘எட்சி’ என்று ஒரு ஃபோல்டர் உண்டு. ஆட்கள் கையால் திருத்தும் ஃபைல்கள் அங்கே இருக்கும். அதில் உள்ள ஒன்றை யாராவது திருத்தியிருந்தால் அப்டேட் சும்மா அழிக்காது, நின்று கேட்கும்: “இதை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள். பழையதே இருக்கட்டுமா, புதியதை வைக்கட்டுமா?” நான் என் ஸ்கிரிப்ட் முழுவதையும், முந்நூற்றுப் பன்னிரண்டு வரியையும், அப்படியே தூக்கி எட்சியில் வைத்துவிட்டேன். பிரிக்கவும் வேண்டாம், அழியவும் அழியாது.

அக்கா திரையைப் பார்த்தார்.

“அண்ணே, உப்ப மேசைக்கு எடுத்துட்டு வாங்கன்னேன். நீங்க அடுப்பையும் சேத்துத் தூக்கிட்டு வந்துட்டீங்க.”

முதலாளி சிரித்துவிட்டு, மாமனாயிற்றே என்று என் பக்கம் தீர்ப்புச் சொன்னான். பதிப்பு வெளியே போனது. ஒவ்வொரு பேக்கேஜிலும் இந்தத் தடவை என்ன மாறியது என்று எழுதும் குறிப்பு ஒன்று இருக்கும். அதில் அக்கா எழுதியது: “ஸ்கிரிப்ட் எட்சிக்கு மாற்றப்பட்டது. இது தப்பு. எழுதியவர் வைக்கச் சொன்னதால் வைத்திருக்கிறேன்.” அது எங்கள் பெட்டி வைத்திருந்த இருபத்தேழு பள்ளிகளுக்கும் போனது. நல்லவேளை, அந்தக் குறிப்பை உலகத்தில் யாரும் படிப்பதில்லை.

நான் சிதம்பரத்துக்கு போன் போட்டு ஆசிரியரிடம், “இனிமே அப்டேட் போட்டா பெட்டி உங்களக் கேக்கும் சார். பழசே இருக்கட்டும்னு சொல்லிடுங்க” என்றேன். அவர் அதை ஆய்வகச் சுவரில், பெட்டிக்கு நேர் மேலே, சாக்பீஸால் பெரிதாக எழுதி வைத்துக்கொண்டார்: பழசே இருக்கட்டும்.

ஜனவரியில் இரண்டாவது வினை. கரண்ட் போய்விட்டு வந்தால், அன்றைக்கு எந்தெந்த மணி அடித்தோம் என்பது பெட்டிக்கு மறந்துவிடும். காலை வணக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக மறுபடி அடிக்கும். இது என் ஸ்கிரிப்டில் இருந்த கோளாறு. சிதம்பரத்தில் ஒருநாள் காலை 11.10க்கு கரண்ட் வந்ததும் நீண்ட மணி அடித்தது. காலை வணக்கத்துக்கும் நீண்ட மணிதான், வீட்டுக்குப் போகவும் நீண்ட மணிதான். ஆறாம் வகுப்பு மைதானத்தில் வந்து வரிசையில் நின்று கண்ணை மூடிக்கொண்டது. பிளஸ் டூ பையன்கள் சைக்கிளை எடுத்தார்கள். கண்ணை மூடியவர்களுக்கு நடுவே சைக்கிள்கள் போனதை ஆசிரியர் போனில் வர்ணித்தார்.

கோளாறை இரண்டே நாளில் சரிசெய்து அப்டேட் அனுப்பினேன். அவரும் அன்றே போட்டார். பெட்டி கேட்டது. அவர் சுவரைப் பார்த்தார். பழசே இருந்தது.

பிப்ரவரியில் பெட்டி மறுபடி ஊளையிட்டது.

“சார், சரி பண்ணிட்டதா சொன்னீங்களே?”

“பண்ணிட்டேன் சார்.”

“நானும் அப்டேட் போட்டுட்டேன் சார்.”

மூன்று வாரம் இப்படிப் போனது. இரண்டு பேரும் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. கடைசியில் அக்காதான் பக்கத்து மேசையிலிருந்து, “அண்ணே, நீங்க சரி பண்ணதும் அவரு டைமும் ஒரே ஃபைல்ல இருக்குது. அவரு டைம காப்பாத்துறாரு, கூடவே உங்க தப்பையும் பத்திரமா காப்பாத்துறாரு” என்றார். புதியதை வைக்கச் சொன்னால் நேரங்கள் போய்விடும் என்று ஆசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. பிரிக்க வேண்டும் என்றார் அக்கா. யோசிக்கிறேன் என்றேன் நான். அந்த மாத டைரியில் “யோசிக்கிறேன்” என்று பதினொரு நாள் எழுதியிருக்கிறேன்.

மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை மாலை 5.20. ஆசிரியரின் போன்.

“சார், நாளைக்கு பப்ளிக் எக்ஸாம். எங்க ஸ்கூலுதான் சென்டர். ட்ரான்ஸ்ஃபார்மர் இந்த வாரத்துல ரெண்டு தடவ வெடிச்சிடுச்சி. கரண்ட்டு எப்ப போவும் எப்ப வரும்னு தெரியாது. பத்து மணிக்கு உள்ள வர்றதுக்கு நீட்டு மணி, ஒன்னேகாலுக்கு பேப்பர் வாங்குறதுக்கும் நீட்டு மணி. நடுவுல கரண்ட்டு போயி வந்து இது ஊளையிட்டுச்சுன்னா, பதினொன்றரைக்கே எவனாவது பசங்ககிட்ட பேப்பரப் புடுங்கிடுவான் சார்.”

“பெட்டிய அணைச்சிட்டு கையால அடிச்சிடுங்களேன்.”

“அதான் தாளாளர்கிட்ட கேட்டேன். பரீட்சைக்கு நிறுத்துற பெட்டி எதுக்குய்யா, அத நிறுத்துற அன்னிக்கே நீயும் வேலைய விட்டு நின்னுக்கோன்றாரு.”

“யூபிஎஸ் இருக்குதே?”

“அதுல தாளாளரோட கம்ப்யூட்டர மாட்டியிருக்குது.”

பள்ளியின் இணைய இணைப்பும் அந்த ட்ரான்ஸ்ஃபார்மரோடு போயிருந்ததால் இங்கிருந்து எதுவும் செய்ய முடியாது. நான் அக்காவுக்கு போன் போட்டேன். கோயிலில் இருந்தார் போலிருக்கிறது, பின்னால் பாட்டுச் சத்தம் கேட்டது. “அக்கா, பிரிச்சிடலாம்” என்றேன். இதைச் சொல்ல எனக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது.

“ஜூலையிலயே பிரிச்சிக் கட்டி வச்சிட்டேன் அண்ணே. நீங்க சரின்னு சொல்றதுக்குத்தான் வச்சிருந்தேன்.”

திங்கட்கிழமை காலை 6.40 பேருந்து. நான் மஞ்சக்குப்பத்திலிருந்து போய் முதுநகரில் அக்காவோடு ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டுமுன் அவர் தூங்கிவிட்டார். வெள்ளாற்றுப் பாலத்தில்தான் விழித்தார். நான் வழியெல்லாம் என் ஸ்கிரிப்டை நினைத்துக்கொண்டு வந்தேன். 8.05க்குப் பள்ளி. தேர்வு நடக்கும் கட்டடத்துக்குள் வெளியாட்கள் போகக் கூடாது. ஆய்வகம் மைதானத்தின் இந்தப் பக்கம் தனிக் கட்டடமாக இருந்ததால் எங்களை விட்டார்கள். செல்போன்களை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள், ஆசிரியருடையதையும் சேர்த்து.

அக்கா பெட்டியைத் திரையில் மாட்டி, ஆசிரியரின் ஸ்கிரிப்டையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் பார்த்தார்.

“நேரம் மட்டும்தான் சார் மாத்துனேன்” என்றார் ஆசிரியர்.

நாற்பத்தொரு வரி மாறியிருந்தது. வரிகளுக்கு இடையே நான் எழுதியிருந்த குறிப்புகளின் ஒற்றுப்பிழைகளைத் திருத்தியிருந்தார். தாளாளரின் பிறந்தநாளன்று ஒரு மணி நேரம் முன்னதாகப் பள்ளி விட ஏற்பாடு செய்திருந்தார். “இதற்குக் கீழே தொடாதீர்கள்” என்று நான் எழுதியிருந்த வரிக்குக் கீழே, “தொட்டுவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை” என்று ஒரு வரி.

ஆசிரியர் கூரையைப் பார்த்தார்.

அக்கா ஒவ்வொரு வரியாக விரலை வைத்து, “இது சாரா, அண்ணனா?” என்று கேட்டுக்கொண்டே போனார். மணி 9.05. நான் குறுக்கிட்டேன்.

“அக்கா, கோளாறு ஒரே வரி. அவரு ஸ்கிரிப்ட்லயே அந்த ஒரு வரிய மாத்திட்டுப் போயிடலாம். அரை நிமிஷ வேல.”

“இன்னிக்கு மாத்திடலாம்ண்ணே. ஏப்ரல்ல நீங்க இன்னொரு தப்பக் கண்டுபுடிப்பீங்க. அன்னிக்கும் ரெண்டு பேரும் பஸ் ஏறுவமா? இருபத்தேழு ஸ்கூலு இருக்குது.”

இன்னொரு தப்பு செய்வீர்கள் என்று சொல்லாமல், கண்டுபிடிப்பீர்கள் என்று சொன்னார். அதற்காக நான் வாயை மூடிக்கொண்டேன்.

9.41க்கு முடித்தார். என் ஸ்கிரிப்ட் எட்சியிலிருந்து இறங்கி, நிரல்கள் இருக்க வேண்டிய இடத்துக்குப் போனது. எட்சியில் பத்தொன்பது வரியில் ஒரு சின்ன ஃபைல் மட்டும் இருந்தது. நேரம், பக்கத்தில் எந்த மணி, அவ்வளவுதான். ஆசிரியர் அதை வாய்விட்டுப் படித்தார்.

“சார், இது உங்களோடது” என்றார் அக்கா. “எப்ப வேணா மாத்திக்குங்க. எந்த அப்டேட்டும் இத அழிக்காது. அந்தப் பக்கம் இருக்குறது அண்ணனோடது. அதுல நீங்க போவ வேணாம், இதுல அவரும் வர மாட்டாரு.”

“நீங்க?”

“நான் ரெண்டுலயும் இல்ல சார்.”

பத்து மணிக்கு நீண்ட மணி சரியாக அடித்தது. பத்தேகாலுக்கு எழுதத் தொடங்கும் மணியும் அடித்தது. 11.22க்கு கரண்ட் போனது. மூன்று பேரும் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். 11.49க்கு வந்தது. பெட்டியில் சிவப்பு விளக்கு, பிறகு பச்சை விளக்கு. ஆசிரியர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று இரண்டு எண்ணினார். நூறு வரை எண்ணினார். மைதானத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காக்கை கத்தியது. பெட்டி வாயைத் திறக்கவில்லை.

“நான் இன்னும் வாத்தியாராவே இருக்கேன் சார்” என்று என் கையைக் குலுக்கினார் ஆசிரியர். பிறகு அக்காவுக்குக் கும்பிடு போட்டார்.

நாங்கள் வெளியே நிழலில் போய்ச் சாப்பிட்டோம். திரும்பி வந்தபோது ஆசிரியர் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். “சும்மா பாத்தேன் மேடம், ரொம்ப சுளுவா இருக்குது” என்று எழுந்து, வாசலில் பெற்றோர் கூட்டம் சேர்வதைப் பார்க்கக் கிளம்பிப் போனார்.

1.12. எதையும் இரண்டு முறை சரிபார்ப்பது என் வழக்கம். திரையில் எழுதியிருந்தது: அடுத்த மணி, நாளை அதிகாலை 1.15.

சின்ன ஃபைலைத் திறந்தேன். 13.15 என்று இருந்த இடத்தில் 1.15 என்று இருந்தது. பதிமூன்று மணி என்பது அவருக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. நான் விசைப்பலகையில் கையை வைத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“அது சாரோட ஃபைலு.”

“அக்கா, மூணு நிமிஷம்தான் இருக்குது!”

“தெரியும். நாம ஒரு தடவ கை வெச்சோம்னா, அவரு மாத்துனது எது, நாம மாத்துனது எதுன்னு மறுபடி நாப்பத்தொரு வரி எண்ணணும். அவரு வந்து மாத்தட்டும். ஓடுங்க.”

“உள்ள பசங்க பரீட்சை எழுதறாங்கக்கா!”

“மணி அடிக்கும்ண்ணே. அத நான் பாத்துக்குறேன். நீங்க ஓடுங்க.”

அவர் என்னைவிட அரை அடி குள்ளம். ஆனால் திரைக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டார். நான் ஓடினேன். நாற்பத்தெட்டு வயதில், மார்ச் மாத வெயிலில், ஒரு பள்ளிக்கூட மைதானத்தைக் குறுக்கே ஓடினேன். ஆசிரியர் சைக்கிள் ஸ்டாண்டில் பெற்றோரை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். “பதிமூணு!” என்று கத்தினேன். மூச்சில் வேறு வார்த்தை வரவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. என்னை முந்திக்கொண்டு ஓடினார்.

நான் ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது அவர் ஒற்றை விரலால் ஒன்று, மூன்று என்று தேடித் தேடி அடித்துக்கொண்டிருந்தார். சேமித்தார். 1.14 ஆகி நாற்பது விநாடி. திரையில் “அடுத்த மணி: இன்று 13.15” என்று வந்தது. அக்கா அங்கே இல்லை.

வெளியே வந்து பார்த்தேன். வேப்பமரத்தடியில், பழைய காலத்து மணியாக ஒரு தண்டவாளத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டி வந்த பிறகு அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், துரு ஏறியிருந்தது. அதன் முன்னால் அக்கா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றிருந்தார். வலது கையில் ஒரு இரும்புத் தடி, தலைக்கு மேலே ஓங்கியபடி. இடது மணிக்கட்டைத் திருப்பிக் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தது.

பெட்டி அடித்தது. ஒலிபெருக்கி எல்லாவற்றிலும் நீண்ட மணி. தேர்வு நடந்த கட்டடத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. ஆசிரியர் ஆய்வக வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அக்காவின் கை மட்டும் இறங்கவில்லை. மணி அடித்து ஓயும் வரை ஓங்கிய தடியோடே நின்றார். முகத்தில் மகிழ்ச்சி இருந்தது. கூடவே, இடம் பிடித்து வைத்த பேருந்து கண்ணெதிரே கிளம்பிப் போகிறபோது இருக்குமே, அதுவும் கொஞ்சம் இருந்தது.

“இன்னும் அஞ்சு செகண்டு போயிருந்தா நான் அடிச்சிருப்பேன் அண்ணே” என்றார்.

“அதான் அடிச்சிடுச்சேக்கா.”

“ஆமா. அடிச்சிடுச்சி.”

தடியை இறக்கினார். இறக்கும்போது அது தண்டவாளத்தில் பட்டு, மைதானம் முழுக்கக் கேட்கும்படி ‘டங்’ என்றது. தெரியாமல் பட்டுவிட்டது என்றார். நான் டைரியில் அப்படி எழுதவில்லை.